அந்த மலை காலி இடம் இல்லை

நீலகிரியில் எடுத்த அந்த ட்ரோன் வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்புகிறீர்கள், பார்த்துவிட்டேன். இந்த மலையில் எருமை மேய்த்து வாழும் பழங்குடிகளான தோடர்களின் கோவில் கல்சுவர் மேல் ஏறி நின்றுகொண்டு "மனுஷ வாடையே இல்லாத இடம்" என்கிறார் அதை எடுத்த தம்பி. தோடர்களிலேயே எல்லோரும் நுழைய முடியாத கோவில் அது.

மனுஷ வாடை இல்லையாம். தலைமுறை தலைமுறையாக எருமை மேய்ந்த புல்வெளி அது. சின்ன வயதில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு தோடர் பெரியவரோடு நடந்து போனேன். தூரத்தில் முக்கூர்த்திச் சிகரம் தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு வலது கையை முகத்துக்கு நேரே உயர்த்தினார். இறந்த மனிதரும் எருமையும் அந்தச் சிகரத்திலிருந்துதான் மறுவுலகுக்குத் தாவுகிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அது காலி இடமா?

"நீ என்ன தோடரா?" என்று கேட்பீர்கள். இல்லை, இதே மலையின் இன்னொரு சமூகமான படுகன். எங்கள் குலதெய்வம் ஹெத்தையின் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவுக்கு வெள்ளை உடுத்தி நடந்து போகிற ஊர்க்காரன், அதனால் எனக்கு வலிக்கிறது. "காடு பொதுச்சொத்து" என்பீர்கள். மீனாட்சி கோவிலும் பொதுவானதுதான், அதன் கோபுரத்தில் ஏறி வீடியோ எடுப்பீர்களா? மூடநம்பிக்கை என்பவர்களோடு பேச எனக்குத் தெம்பில்லை. "டூரிஸ்ட் வராவிட்டால் ஊட்டிக்குச் சோறு ஏது?" என்பது மட்டும் நியாயமான கேள்வி. என் அக்கா குடும்பமே டூரிஸ்ட்டை நம்பித்தான் இருக்கிறது. வாருங்கள், பாருங்கள், சுவரில் ஏறாதீர்கள், அவ்வளவுதானே கேட்கிறோம்!

காலி என்று பார்த்த கண்தான் இந்த மலையைக் கெடுத்தது. வெள்ளைக்காரன் புல்வெளியைத் தரிசு என்று எழுதி வைத்துவிட்டு, 1840-களிலேயே கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸையும், சீகை என்று சொல்லும் வாட்டில் மரத்தையும் கொண்டுவந்தான். அப்புறம் நம் அரசாங்கமே தோல் பதனிடவும் ரேயானுக்கும் என்று மலை மலையாக நட்டது. பைக்காரா ஆற்றுக்கும் பவானி ஆற்றுக்கும் தண்ணீர் ஊறிய புல்லும் சதுப்பும் அதற்கடியில் போயின. வரையாடு மேய்ந்த சரிவுகளும் போயின. யாரும் அங்கே வாழ்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தோடர் கோவிலுக்குக் கூரை வேய சதுப்பில் வளரும் ஒரு புல் வேண்டும். அந்தப் பெரியவரின் மகன் போன முறை அதைத் தேடி எங்கெங்கோ அலைந்தார். அவர்தான் அந்த வீடியோவுக்குக் கீழே "சாமி இருக்கிற இடம், எடுத்துடுங்க தம்பி" என்று மரியாதையாக எழுதினார். அதற்கு நம்மில் ஒருவர் "காட்டை விட்டு வெளியே வாங்க பெரியவரே" என்று பதில் போட்டிருக்கிறார், நாற்பது பேர் லைக் செய்திருக்கிறீர்கள். அதில் என் நண்பர்கள் பெயரும் இருக்கிறது.