விளைச்சல் குறையாமலே ஏறிய அரிசி விலை

போன வாரம் 25 கிலோ சிப்பம் வாங்கப் போனேன். விலையைச் சொன்ன கடைக்காரர், "உலகம் பூராவும் விளைச்சல் இல்லையாம் சார்" என்றார். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு 2008 நினைவுக்கு வந்துவிடும்.

அந்த வருடம் உலகத்தில் நெல் நன்றாகவே விளைந்திருந்தது, அதுவரை இல்லாத அளவுக்கு. ஆனாலும் ஜனவரியில் டன் 400 டாலருக்குள் இருந்த தாய்லாந்து அரிசி மே மாதத்துக்குள் 1000 டாலரைத் தாண்டியது. கோதுமையும் மக்காச்சோளமும் முன்பே ஏறிக்கொண்டிருந்தன. ஆஸ்திரேலியாவில் வறட்சி, கச்சா எண்ணெய் ஏறியதால் உரமும் கப்பல் வாடகையும் கூடின, அமெரிக்கா மக்காச்சோளத்தை எத்தனாலாக்கி வண்டிக்கு ஊற்றியது. இதையெல்லாம் பார்த்து இந்தியா பயந்தது. 2007 அக்டோபரில் பாஸ்மதி அல்லாத அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, 2008 ஏப்ரலில் முழுதாக நிறுத்தியது. வியட்நாமும் கதவைச் சாத்த, பிலிப்பைன்ஸ் என்ன விலையானாலும் சரி என்று டெண்டர் விட்டது. விளையும் அரிசியில் பத்தில் ஒரு பங்குகூட நாடு விட்டு நாடு போகாத சந்தை அது, இரண்டு பேர் விற்க மாட்டேன் என்றால் போதும்.

அடி விழுந்தது கரீபியன் கடலில் இருக்கும் ஏழை நாடான ஹெயிட்டியில். ஒரு காலத்தில் தன் அரிசியைப் பெரும்பாலும் தானே விளைவித்த நாடு. 1990களில் அமெரிக்காவும் சர்வதேச நாணய நிதியமும் அதன் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைக்க வைத்தன, அமெரிக்காவின் மானிய அரிசி வந்து குவிந்தது, உள்ளூர் விவசாயி நொடித்துப்போனார். (அது தவறு என்று, அப்போது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டனே 2010இல் ஒப்புக்கொண்டார்.) 2008 ஏப்ரலில் வயிற்றில் பிளீச்சிங் திரவத்தை ஊற்றியது போல் எரிகிறது என்று சொல்லிக்கொண்டு மக்கள் தெருவுக்கு வந்தார்கள், உயிர்கள் போயின, பிரதமர் பதவி இழந்தார்.

அப்புறம் மே மாதத்தில், ஜப்பான் தன் கிடங்கில் இருந்த இறக்குமதி அரிசியை வெளியே விடப்போகிறது என்ற செய்தி வந்தது. அரிசி கப்பல் ஏறும் முன்பே விலை இறங்க ஆரம்பித்தது. பாதிக்கு மேல் பயம்தான் அந்த விலை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

தமிழ்நாட்டில் அந்த வருடம் ரேஷனில் கிலோ 2 ரூபாய், செப்டம்பரிலிருந்து 1 ரூபாய். நம் வீட்டு உலை நிற்காமல் கொதித்ததற்கு அரசுக் கொள்முதலும் ரேஷனும்தான் காரணம், அதை யார் குறை சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இன்று உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 சதவீதம் இந்தியாவுடையது. 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மறுபடி தடை போட்டோம், 2024 செப்டம்பரில்தான் அதை நீக்கினோம். அமெரிக்காவில் நம் ஆட்களே கடைகளில் மூட்டை மூட்டையாக அள்ளினார்கள், தாய்லாந்து அரிசி 15 ஆண்டுகளில் இல்லாத உயரத்துக்குப் போனது. கேட்கிற நாடுகளுக்கு அரசு அனுமதியோடு தரலாம் என்று விலக்கு இருந்தது உண்மைதான், ஆனால் அதற்கு அவர்கள் மனு போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. தடை போடும் அன்றைக்கே, நம்மிடம் வழக்கமாக வாங்கும் ஏழை நாடுகளுக்கு இத்தனை டன் என்று ஒதுக்கி அறிவித்தால் என்ன? நம் கிடங்குக்கு அது பெரிய அளவே இல்லை.