உறுப்பினர் எண் மட்டும் போதாது

'எந்தத் தளத்தில் அறை எடுத்தாலும் செக்-இன்னில் உறுப்பினர் எண்ணைச் சொன்னால் புள்ளி வந்துவிடும்' என்று ஹோட்டல் சலுகைப் புள்ளிகளைப் பற்றிய ஒரு கட்டுரையில் இருப்பது சரியல்ல. மேரியட் ஹோட்டல்களின் உறுப்பினர் சலுகைத் திட்டமான மேரியட் பான்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். புக்கிங்.காம், எக்ஸ்பீடியா வழியாக எடுத்த அறை வாடகைக்குப் புள்ளி கிடையாது. அந்தத் தளங்களுக்குக் கமிஷன் அழுத பிறகு புள்ளிக்கும் ஹோட்டல் ஏன் செலவு செய்யும்? மேரியட் ஆப்பிலோ தளத்திலோ நேரடியாக எடுத்தால், பெரும்பாலான பிராண்டுகளில் டாலருக்கு 10 புள்ளி, மேரியட்டின் இன்னொரு பிராண்டான ரெசிடென்ஸ் இன்னில் 5. வரிக்குக் கிடையாது.

குடும்பத்தோடு போகிறவர்கள் கவனிக்க: நீங்களே ஓர் அறையில் தங்கி, மற்றதற்கும் நீங்களே பணம் கட்டினால் 3 அறை வரை புள்ளி உண்டு, எலைட் இரவுக் கணக்கு (உயர்நிலை உறுப்பினராக எண்ணப்படும் இரவுகள்) மட்டும் ஒரே அறைக்குத்தான். பில்லில் யார் பெயர் என்று செக்-அவுட்டிலேயே பார்த்துவிடுங்கள்.