புரிஞ்சுக்கறது வக்காலத்து இல்ல

நேத்து தீவிரவாதம் பத்தின அந்த விவாதத்துல நடந்தத எல்லாரும் பாத்திருப்பீங்க. "தீவிரவாதி மனசுல என்ன இருக்குன்னு ஆராயறவன் அவனுக்கு வக்கீல்"னு ஒருத்தர் சொன்னதும் அப்படி ஒரு கைதட்டல். ஒருத்தன் ஏன் தீவிரவாதியாகறான்னு ஆராயற வேலையத்தான் ஒம்பது வருஷமா பண்றேன், அந்தக் கைதட்டல் சத்தம் ராத்திரி முழுக்க தூங்க விடல.

திரும்பவும் சொல்றேன், ஒருத்தன் எப்படி அந்த வழிக்குப் போனான்னு தெரிஞ்சுக்கறது அவனை மன்னிக்கறது இல்ல. அடுத்தவன் போறதுக்கு முன்னாடி தடுக்கறதுக்கு.

"பைத்தியக்காரனுங்க, இதுல ஆராய என்ன இருக்கு"ன்னு கேக்கறாங்க. பைத்தியமா இருந்தா கண்டுபிடிக்கறது சுலபமா இருந்திருக்கும். இவங்ககிட்ட பொதுவா இருக்கறதே இவங்க சாதாரண மனுஷங்களா இருக்கறதுதான்னு தீவிரவாதத்த ஆராயற மார்த்தா கிரென்ஷா 1981லயே எழுதிட்டாங்க. 2014ல வந்த ஒரு ஆய்வு, தனியா தாக்குதல் நடத்தின, இல்ல திட்டம் போட்ட 119 பேரை எடுத்துப் பாத்துச்சு. அதுல 64 சதவீதம் பேர் விஷயத்துல வீட்டுக்காரங்களுக்கோ நண்பர்களுக்கோ முன்னாடியே தெரிஞ்சிருக்கு, அவனே வாய்விட்டு சொல்லியிருக்கான்! இத ஆராயாம எப்படிங்க தடுப்பீங்க?

ஒரு அம்மாவ நான் நேர்ல பாத்துப் பேசினேன், பையன் ஜெயில்ல இருக்கான். பழைய ஃப்ரெண்ட்ஸ் ஒவ்வொருத்தரா விட்டது, ஃபோனை கவுத்து வைக்க ஆரம்பிச்சது, திடீர்னு அப்பாவ துரோகின்னு சொன்னது எல்லாத்தையும் தேதி வாரியா சொன்னாங்க. "தெரிஞ்சுதும்மா, யார்கிட்ட போய் சொல்றது, போலீஸ்கிட்ட சொன்னா என் புள்ளைய நானே புடிச்சுக் குடுத்த மாதிரி ஆகாதா"ன்னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. ஜெர்மனில இப்படிப்பட்ட குடும்பங்களுக்குன்னே 2012ல இருந்து அரசாங்கமே ஒரு போன் லைன் நடத்துது. அங்கயே, ஹிட்லர் கொள்கைய இன்னும் தூக்கிப் பிடிக்கற நவநாஜி கூட்டத்துலேர்ந்து வெளிய வர நினைக்கறவங்களுக்கு எக்ஸிட்னு ஒரு அமைப்பு 2000லேர்ந்து இருக்கு, அத ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் முன்னாள் போலீஸ்காரர். அவரும் வக்கீலா?

கோபமா இருக்கறவன் எல்லாம் குண்டு வைக்கறது இல்ல, இப்படி அடையாளம் தேடப் போனா ஒரு சமூகத்தையே சந்தேகப்படற மாதிரி ஆயிடும்னு சிலர் சொல்றது நியாயம், அதுக்கு எங்ககிட்டயும் முழு பதில் கிடையாது. ஆனா "செத்தவங்க பத்தி உனக்கு அக்கறை இல்லையா"ன்னு மட்டும் என்னை கேக்காதீங்க. 2011ல நார்வேல ஒருத்தன் ஒரே நாள்ல 77 பேரைக் கொன்னான், அதுல 69 பேர் உட்டோயா தீவுல, பெரும்பாலும் இளவயசுப் புள்ளைங்க. அவங்க வயசெல்லாம் வரிசையா படிச்சுட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

கைதட்டினவங்கள்ல என் கூடப் படிச்சவங்க ரெண்டு பேர் இருந்தாங்க. அதான் தாங்கல.