20 நிமிடத்தில் கோவையா?

"பெங்களூரிலிருந்து கோவை 250 கிலோமீட்டர்தான், விமானத்தில் 20 நிமிடம்" என்று நண்பர் எழுதியிருக்கிறார். முதல் எண் ஓரளவு சரி, ஆனால் அது நேர்க்கோட்டுத் தூரம். ஓசூர், சேலம், அவினாசி வழியாகச் சாலையில் போனால் சுமார் 360 கிலோமீட்டர்.

அந்த 20 நிமிடம்தான் இடிக்கிறது. மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்து வகுத்தால் அப்படித்தான் வரும். ஆனால் இவ்வளவு குறுகிய பயணத்தில் பாதி நேரம் மேலே ஏறுவதிலும் கீழே இறங்குவதிலுமே போய்விடும். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான். சின்ன ஏ.டி.ஆர். விமானம் என்றால் அதன் வேகமே 500 கிலோமீட்டர் அளவில்தான். டிக்கெட்டில் ஏறத்தாழ 1 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் சேர்த்தி.

அப்புறம் பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி. பெங்களூரின் தெற்குக் கோடியில் எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் நம் ஆட்கள் தெற்கே இருக்கும் கோவைக்குப் போக, ஊரையே தாண்டி வடக்கே 50 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். 2008 வரை ஊருக்குள்ளேயே இருந்த பழைய எச்.ஏ.எல். விமான நிலையத்திலிருந்து கிளம்பியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெட்டி போடும் கவுன்டரையும் 1 மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். எல்லாம் கூட்டினால் வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு 5 மணி நேரம் சாதாரணம். அதற்குள் காரில் போனவர் பவானியைத் தாண்டியிருப்பார், ஊருக்குள் போகும் வழியில் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்புப் பக்கமே போகாமல்.