கொம்பை இடம் மாற்றி நட்டவர்களே

மறுபடியும் அதே கொடுமை. கோலாலம்பூரில் ஒரு கிளை நூலகம், பெயர் வேண்டாம். வாசலில் இரண்டடி அகலம், ஆறடி உயரத்தில் ஒரு பந்திங், அதாவது அச்சடித்து மாட்டுகிற நெட்டைப் பதாகை. மலாய் சரி. ஆங்கிலம் சரி. சீனத்தில் ஒரு கீற்றுகூடப் பிசகவில்லை. கடைசியில் இருக்கிற தமிழ் மட்டும் நொறுங்கிக் கிடக்கிறது.

"சிறுவர் கதை நேரம்." மூன்றே மூன்று சொல். மூன்றும் நாசம்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். முதல் சொல் "சிறுவர்". 'று' என்பது ஒரே எழுத்து. 'ற'வின் உடம்போடு உகரம் சேர்ந்து வளைய வேண்டும். பந்திங்கில் 'ற' தனியாக நிற்கிறது, உகரக் குறி பக்கத்தில் தனியாக விழுந்து கிடக்கிறது. கடைசி 'ர்' புள்ளியாவது தலைக்கு மேல் இருக்கிறதா? இல்லை, வலது பக்கம் நழுவி வெறுங்காற்றில் தொங்குகிறது. இரண்டாவது "கதை". இணைக்கொம்பு 'த'வுக்கு முன்னால் வர வேண்டும். இங்கே 'க', அப்புறம் 'த', சொல் முடிந்த பிறகு அநாதையாக ஒரு கொம்பு. மூன்றாவது "நேரம்". இரட்டைக்கொம்பு 'ந'வைத் தாண்டிப் போய் 'ர'வுக்கு முன்னால் நிற்கிறது. வாய்விட்டுப் படித்தால் "நரேம்". கீழே பொடி எழுத்தில் "பெற்றோர் உடன் வர வேண்டும்". அதில் 'பெ'யின் கொம்பு 'ற'வின் தலையில் ஏறிவிட்டது. 'றோ'வுக்கு உரிய கொம்பும் காலும் எழுத்தை நடுவில் அணைக்காமல் இரண்டுமே வலப்பக்கம் போய்விட்டன. "வேண்டும்" என்ற சொல்லை எப்படி உச்சரிப்பது என்று எனக்கே தெரியவில்லை.

இது யாருக்கான நிகழ்ச்சி? ஐந்து, ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு! தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டு ஆசிரியர் வாரக்கணக்கில் தொண்டை வறளக் கத்துகிறார்: "கொம்பை முதலில் போடு, அப்புறம் எழுத்தைப் போடு." அதே பிள்ளை சனிக்கிழமை நூலகத்துக்கு வந்தால், அரையடி எழுத்தில் நூலகமே அதற்கு நேர்மாறாகச் சொல்லிக் கொடுக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை "நரேம்" என்று படித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கும். தான் தப்பாகப் படித்துவிட்டோம் என்றுதான் அது நினைக்கும். வயிறு எரிகிறது.

மாட்டியவர்களைக் கேட்டால் என்ன பதில்? "வாட்ஸ்அப்ல பார்த்தப்ப சரியாத்தான் இருந்துச்சுங்க." இருக்கும். கைப்பேசிக்கு எழுத்து கோக்கத் தெரியும். கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட்டில் 'நே' என்பது முதலில் 'ந', அடுத்து இரட்டைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. கைப்பேசியும் உலாவியும் அதைத் தாமாகவே செய்துவிடும். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு அணைந்திருந்தால், சேமித்த வரிசையிலேயே எழுத்துகள் வரிசையாக வந்து விழும். கொம்பு பின்னால் போவதும் உகரம் ஒட்டாமல் பிரிவதும் புள்ளி நழுவுவதும் மூன்று தனி வியாதி இல்லை. எல்லாம் இந்த ஒரே வியாதிதான்.

மருந்து ஒரு நிமிட வேலை. இல்லஸ்டிரேட்டர் என்றால் பிரிஃபரன்சில் டைப் பகுதிக்குப் போய் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். பிறகு பாராகிராப் பேனல் மெனுவில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இன்டிசைன் என்றால் 'வேர்ல்ட் ரெடி பாராகிராப் கம்போசர்'. அதுவும் முடியாதா? வேர்டில் தட்டி, எழுத்துருவை உள்ளே பதித்துப் பிடிஎஃப் ஆக்கி, எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய பிறகு அச்சகத்துக்கு அனுப்புங்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். அதையும் அப்படியே அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள், பார்த்தாயிற்று.

"டிசைனருக்குத் தமிழ் தெரியாதே." தெரிய வேண்டியதில்லை! தமிழ் ஓரெழுத்துகூடத் தெரியாதவரும் கண்டுபிடிக்க மூன்று சோதனை இருக்கிறது. ஒரு சொல்லின் கடைசி உருவம் கொம்பாக இருந்தால் தப்பு. தமிழில் எந்தச் சொல்லும் கொம்பில் முடிவதே கிடையாது. எங்கேயாவது புள்ளிகளால் ஆன சின்ன வட்டம் தெரிந்தால் தப்பு. எழுத்தின் உச்சியில் உட்கார வேண்டிய புள்ளி இரண்டு எழுத்துக்கு நடுவில் விழுந்திருந்தால் தப்பு. அவ்வளவுதான். கூடவே, தமிழ் வரிகளைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பி, "இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். படத்தோடு படத்தை ஒப்பிடக் கண் போதும். பந்திங் அச்சாகி முடிந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் "தப்பா இருந்தாலும் பரவால்ல, மாட்டிடு" என்கிறார்கள். சீனத்தில் ஒரு கோடு குறைந்திருந்தால் மாட்டியிருப்பார்களா?

எந்த ஊரில் இது நடக்கிறது என்பதை நினைத்தால்தான் ஆத்திரம் இன்னும் பொங்குகிறது. 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடிய ஊர் இது. 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்த ஊர் இது. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தந்த முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். அவர் வடித்த இணைமதி எழுத்துரு மேக் கணினிகளோடு உலகமெல்லாம் போகிறது. 2020இல் யுனெஸ்கோவின் உலகப் புத்தகத் தலைநகரம் என்ற பட்டமும் இந்த ஊருக்குக் கிடைத்தது. இத்தனையும் இருந்தும் நூலக வாசலில் "நரேம்".

வாசலைத் தாண்டி உள்ளே போனால் பட்டியல் கணினி. பல இடங்களில் தமிழ் நூலின் தலைப்பை ரோமன் எழுத்தில் மட்டுமே ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒலிபெயர்ப்பு முறையில் ழகரத்துக்குக் கீழே கோடு, ளகரத்துக்குக் கீழே புள்ளி, நெடிலுக்கு மேலே கோடு என்று அடையாளங்கள் உண்டு. யார் போடுகிறார்கள்? போடாமல் விட்டால் வலை, வளை, வாளை, வாழை நான்கும் ஒரே சொல்லாகிவிடும். மீன்பிடிப்பதும் மீனும் வளையலும் பழமும் ஒரே குவியலில்! நூலகங்கள் நூல் விவரங்களைக் கணினியில் ஏற்றுகிற மார்க் பதிவில் மூல எழுத்துக்கென்றே 880 என்று ஒரு புலம் இருக்கிறது. நிரப்புங்களேன். நிரப்பும்போது இன்னொன்று: 'கொ'வின் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தேடுபொறி அவற்றை ஒன்றாக்கிப் பார்க்காவிட்டால், புத்தகம் அலமாரியில் இருக்கும், திரை "இல்லை" என்று சொல்லும். அலமாரியிலாவது தேடலாம் என்றால் கவிதை, நாவல், நாடகம் எல்லாவற்றின் முதுகிலும் தமிழ் இலக்கியத்துக்கான பொது எண் 894.811 மட்டும். நூல்களை எண்ணிட்டு வகைப்படுத்துகிற டியூயி முறையில் கவிதைக்கு 894.8111, புனைகதைக்கு 894.8113 என்று கிளை பிரித்தே வைத்திருக்கிறார்கள். இன்னும் ஓர் எண்ணை ஒட்ட அவ்வளவு சிரமமா?

அப்புறம், பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் வருகிற சிறுகதைப் பக்கத்தை நூலக மேசையில் உட்கார்ந்து பிளேடால் அறுத்துக்கொண்டு போகிற மகானுபாவரே, உங்களைத்தான். பின்பக்கம் இருந்த கவிதையும் சேர்ந்து போய்விட்டது. வாரத்துக்கு ஒரே ஒரு பிரதிதான் வாங்குகிறார்கள். ஜெராக்ஸ் மெஷின் அதே மேசைக்குப் பத்தடி தள்ளித்தான் இருக்கிறது. போய் ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், பேப்பரை விட்டுவிடுங்கள்.