படத்தின் பின்னால் இருந்த தாள்

சில மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வண்ணம் பூசுவதற்காகக் கூடத்துச் சுவரிலிருந்து திரு இருதய ஆண்டவர் படத்தைக் கழற்றினோம். அப்பா மாட்டிய படம். சட்டத்தின் பின்பக்க அட்டை ஒரு மூலையில் பிரிந்திருந்தது. அதைச் சரிசெய்யப் போனபோது உள்ளிருந்து நான்காக மடித்த தாள் ஒன்று விழுந்தது. மடிப்புகள் பழுப்பேறியிருந்தன. எங்கள் குடும்பத்தை இயேசுவின் திரு இருதயத்திற்கு ஒப்புக்கொடுத்த நாளில் நாங்கள் கையெழுத்திட்ட சான்றிதழ் அது. மேலே அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. அடுத்து அம்மா. அதற்குக் கீழே பென்சிலால் கோடு கிழித்து அதன்மேல் என் பெயர், பெரிய தம்பியின் பெயர், கடைசியாகச் சின்னவன். அப்போது அவனுக்கு ஆறு வயது. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அதை அடுத்த வரியில் எழுதியிருந்தான். அம்மா அவன் கையைப் பிடித்து எழுதவைக்கப் போனதும், "விடு, அவனே போடட்டும்" என்று அப்பா தடுத்ததும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்போது என் தம்பிகள் இருவரும் பேச்சை நிறுத்தி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. காரணம் இந்த வீடுதான். அப்பா இறந்தபின் யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு எழுந்து, தடித்து, வக்கீல் வரை போய்விட்டது. வீடு யாருடையது என்று மூவரும் பத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம். இந்த வீட்டை யாரிடம் ஒப்படைத்தோம் என்று நாங்களே கையெழுத்திட்ட பத்திரம் எங்கள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

ஜூன் மாதம் திரு இருதய மாதம். முகநூலைத் திறந்தால் எத்தனையோ வீடுகளின் படங்கள்: பூ வைத்த பீடம், தீர்த்தம் தெளிக்கும் சாமியார், வரிசையாக நிற்கும் குடும்பம். பார்க்க மனம் நிறைகிறது. இவர்களில் யாரையும் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படித் திரு இருதயப் படத்தை வீட்டில் வைத்துக் குடும்பத்தை ஒப்புக்கொடுப்பதை அரியணை ஏற்றுகிறோம் என்கிறோம். அரியணை என்றால் ஆட்சி. ஆட்சியை ஒருவரிடம் கொடுத்தபின், வீட்டில் பணம் எப்படிச் செலவாகிறது, யாரிடம் எந்தக் குரலில் பேசுகிறோம், எந்தப் பகையை எத்தனை நாள் மனத்தில் வைத்திருக்கிறோம் என்பதிலெல்லாம் அவர் சொல் செல்ல வேண்டும். செல்லாத வீட்டில் அந்தப் படம் சுவருக்கு அலங்காரம்தான்.

இந்தப் பக்தி முயற்சியை உலகெங்கும் கொண்டுசென்றவர் மத்தேயோ கிராலி-போவே அடிகளார். 1875-ல் பெரு நாட்டில் பிறந்து, சிலி நாட்டின் வால்பரைசோவில் பணியாற்றியவர். 1906-ல் அந்த நகரம் நிலநடுக்கத்தில் சிதைந்தது. பின்னர் உடல்நலம் குன்றிய நிலையில் அவர் ஐரோப்பா சென்றார். பிரான்சில் பரே-லெ-மோனியால் என்ற ஊர். துறவியான புனித மார்கரீத் மரியாவுக்கு இயேசு தம் இருதயத்தை வெளிப்படுத்திய சிற்றாலயம் அங்கேதான் இருக்கிறது. 1907 ஆகஸ்ட் 24 அன்று அங்கே செபித்துக்கொண்டிருந்தபோது அவர் நலம் பெற்றார். வீடு வீடாக உலகை இயேசுவின் அன்புக்குக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் அங்கே உறுதிப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, 1899-ல், திருத்தந்தை 13-ஆம் லியோ மனித குலம் முழுவதையும் திரு இருதயத்திற்கு ஒப்புக்கொடுத்திருந்தார். உலகத்தை ஒப்புக்கொடுப்பது ஒருவிதத்தில் எளிது. என் வீட்டை, என் பணப்பெட்டியை, என் நாக்கை ஒப்புக்கொடுப்பதுதான் கடினம். மத்தேயோ அடிகளார் கைவைத்தது அந்த இடத்தில்.

ஒவ்வொரு வீடும் ஒரு பெத்தானியா ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. மார்த்தா, மரியா, இலாசர் வாழ்ந்த வீடு. இந்தத் தாள் கிடைத்தபின் நற்செய்தியில் அவர்கள் வரும் பகுதிகளை மறுபடி மறுபடி வாசித்தேன். பெத்தானியாவும் உடன்பிறந்தோரின் வீடுதான். அங்கும் சண்டை இருந்தது. வேலையெல்லாம் தன் தலையில் விழுந்ததென்று மார்த்தா பொருமினார். ஆனால் அவர் அதைத் தங்கையின் முதுகுக்குப் பின்னால் அக்கம்பக்கத்தில் சொல்லவில்லை; நேரே இயேசுவிடம் வந்து சொன்னார். தம்பி இறந்தபோது, நீர் இங்கே இருந்திருந்தால் அவன் இறந்திருக்க மாட்டானே என்று சகோதரிகள் இருவருமே அவரிடம் முறையிட்டார்கள். அந்த வீட்டில் கோபமும் அழுகையும் அவர் முகத்துக்கு நேராக நடந்தன. அவர் அங்கே விருந்தாளியாக மட்டும் இருக்கவில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அந்த எட்டு மாதங்களில் செபம் நிற்கவே இல்லை. இதைத்தான் நான் வெட்கத்தோடு எண்ணிப் பார்க்கிறேன். அம்மா தினமும் மெழுகுதிரி ஏற்றினார். பெரிய தம்பி படத்தின் முன் முழந்தாளிட்டான். சின்னவன் தன் வீட்டில் செபமாலை சொன்னான். நான் இரண்டு பேருக்காகவும் நவநாள், அதாவது ஒன்பது நாள் செபம், சொன்னேன். எல்லோரும் செபித்தோம், தனித்தனியாக, அவரவர் பக்கம் நியாயம் கிடைக்க வேண்டுமென்று. லூக்கா நற்செய்தியில் ஒருவர் வந்து, சொத்தைப் பங்கிடும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்கிறார். என்னை உங்களுக்குப் பாகம் பிரிப்பவராக அமர்த்தியது யார் என்று இயேசு திருப்பிக் கேட்கிறார். அந்த வசனத்தில் என்னால் அதற்குமேல் நகர முடியவில்லை. பாகம் பிரிக்க நாங்கள் அவரை அமர்த்தவில்லைதான். ஆனால் அரசராக அமர்த்தியிருந்தோம். நான் உட்பட ஐந்து பேர் கையெழுத்திட்டு அமர்த்தியிருந்தோம்.

வீட்டுச் செபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் இது பிள்ளைகளுக்குத் தண்டனையாக மாறிவிட்டது. செபமாலை முழுவதும், அதன்மேல் மன்றாட்டு மாலை, அதன்மேல் நான்கைந்து புனிதர்களுக்கான செபங்கள். தூங்கி விழும் பிள்ளைக்கு ஒரு குட்டு. திருத்தந்தை 6-ஆம் பவுல் 1974-ல் எழுதிய மரியன்னை வணக்கம் பற்றிய மடலில் குடும்பச் செபமாலையை மிகவும் பரிந்துரைத்தார். அதே மடலில், செபமாலை மிகச் சிறந்த செபமே என்றாலும் மக்கள் அதன்மீது அமைதியான சுதந்திரத்தோடு இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இதை ஏனோ நாம் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. செபமாலையில் பத்து மணிகள் போதும். ஒரு விண்ணப்பம், ஒரு நன்றி, ஒரு மன்னிப்பு. ஆனால் தினமும், எல்லோரும், தந்தையும் சேர்த்து.

தந்தை என்பதை அழுத்திச் சொல்கிறேன். தாய்மார்களே, பிள்ளைகளுக்குச் செபங்களைக் கற்றுக்கொடுக்கிறீர்களா என்று கேட்ட அதே 6-ஆம் பவுல், தந்தையரையும் பார்த்து, பிள்ளைகளோடு சேர்ந்து செபிக்கிறீர்களா என்று கேட்டார். குடும்பம் பற்றிய 1981-ஆம் ஆண்டு மடலில் 2-ஆம் ஜான் பால் அதை எடுத்துக்காட்டியிருக்கிறார். என் அப்பா பெரிய பக்திமான் என்று பெயர் எடுத்தவர் அல்லர். ஒரு நாள் மாலை அம்மாவிடம் கடுமையாகப் பேசிவிட்டார். இரவு செபத்துக்கு உட்கார்ந்தோம். 'எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல' என்ற இடத்தில் அவர் குரல் நின்றது. நாங்களும் நிறுத்தினோம். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா பக்கம் திரும்பாமலேயே, "பொறுத்துக்கொள்" என்றார். பிறகு அடுத்த வார்த்தையிலிருந்து தொடர்ந்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மன்னிப்பைப் பற்றி அதற்குப் பிறகு நான் கேட்ட எந்தப் பிரசங்கமும் அதைவிட ஆழமாக எனக்குள் இறங்கவில்லை.

ஒப்புக்கொடுத்தலை ஒரு காப்பீடு போல நினைப்பவர்களும் இருக்கிறார்கள். படம் மாட்டினோம், மந்திரித்தோம், இனி நோய் வராது, நஷ்டம் வராது. அப்படி ஒன்று வந்துவிட்டால் நம்பிக்கையே ஆடிப்போகிறது. திரு இருதயப் படத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள்: முள்முடி சுற்றிய, ஈட்டியால் குத்தப்பட்ட இருதயம். துன்பமே வராது என்று வாக்குக் கொடுப்பவரின் படமா அது? துன்பத்துக்குள் கூடவே இருப்பவரின் படம். ஒப்புக்கொடுத்தல் என்பது திருமுழுக்கின்மேல் புதிதாக ஏற்றும் சடங்கும் அன்று. மரியா வழியாக முழுமையாக ஒப்புக்கொடுப்பதைக் கற்பித்த புனித லூயி தெ மோன்ஃபோர்ட், அது திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்பதே என்று தெளிவாக எழுதினார். நாம் ஏற்கெனவே அவருடையவர்கள். அதை வீட்டுக்குள் ஒத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அந்தத் தாளைப் படமெடுத்துத் தம்பிகள் இருவருக்கும் அனுப்பினேன். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. பெரியவன் உடனே அழைத்தான், பேச்சு வரவில்லை. சின்னவனிடமிருந்து அன்று பதில் இல்லை. மறுநாள் இரவு, "அந்தக் கடைசி எழுத்து என்னுடையதா?" என்று மட்டும் கேட்டிருந்தான். திரு இருதயத்துக்கு உரிய நாளான அடுத்த மாத முதல் வெள்ளியன்று வந்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாகப்பிரிவினை இன்னும் முடியவில்லை. ஆனால் வக்கீல்களை விட்டுவிட்டு ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறோம். தொடங்கும் முன் பத்து மணிகள் சொல்கிறோம். இரண்டாம் முறை உட்கார்ந்தபோது சின்னவன் கோபித்துக்கொண்டு எழுந்து போனான். மூன்றாம் முறைக்கு அவனே முதலில் வந்து மெழுகுதிரி ஏற்றினான்.

இந்த ஆண்டு வீட்டில் அரியணை ஏற்ற நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒப்புக்கொடுக்கும் செபத்தை அன்றைக்கு முதல்முறையாகப் பார்த்து வாசிக்காதீர்கள். முந்தைய வாரமே எல்லோரும் உட்கார்ந்து வாசியுங்கள். புரியாத சொல்லைப் பிள்ளைகள் கேட்கட்டும். வீட்டில் யாரோடு யார் பேசுவதில்லை என்பதை முதலில் தீர்க்கப் பாருங்கள். முடிந்தால் ஒப்புரவு அருட்சாதனத்துக்கும், அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கும், போய் வாருங்கள். சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து எழுதவைக்காதீர்கள், அவர்களே கையெழுத்திடட்டும். அந்தத் தாளைச் சட்டத்துக்குப் பின்னால் வைத்து மூடிவிடாதீர்கள். எங்கள் தாள் இப்போது கண்ணாடி போட்டுப் படத்துக்குக் கீழே, மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்போது கண்ணில் படும் உயரத்தில் இருக்கிறது.