ரஃபி பாடியிருக்கக் கூடாத பாட்டு

சென்ற வாரம் வீட்டுக்கு வந்திருந்த நண்பரோடு 'கைடு' இந்திப் படப் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். 'வஹான் கௌன் ஹை தேரா' தொடங்கியதுமே அவர் முகம் சுளித்தார். "இதை ரஃபியிடம் கொடுத்திருக்கலாமே, பர்மன் ஏன் தானே பாடினார்? மூக்கால் பாடுவதுபோல் இருக்கிறது" என்றார். அப்போது பதில் சொல்ல வரவில்லை. நான்கு நாட்களாக அந்தக் கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை.

1965இல் வந்த படம். இசை சச்சின் தேவ் பர்மன், பாடல்கள் ஷைலேந்திரா, இயக்கம் விஜய் ஆனந்த். ரஃபி, கிஷோர் குமார், மன்னா டே மூவருமே இந்தப் படத்தில் பாடியிருக்கிறார்கள். ஆளில்லாமல் பர்மன் ஒலிவாங்கி முன் போய் நிற்கவில்லை.

படத்தின் தொடக்கத்தில் நாயகன் ராஜு (தேவ் ஆனந்த்) சிறையிலிருந்து வெளியே வருகிறான். ஊருக்குத் திரும்பாமல் கால்போன போக்கில் நடக்கிறான். அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள், பயணியே, எங்கே போகப் போகிறாய் என்று பாட்டு கேட்கிறது. தேவ் ஆனந்த் வாயசைக்கவில்லை. இந்த இடத்தில் ரஃபியின் குரல் வந்திருந்தால், ராஜு தன்னைத்தானே நொந்துகொள்வதாகத்தான் நம் காதுக்குப் பட்டிருக்கும். ஏனென்றால் பிற்பகுதியில் 'தின் டல் ஜாயே'யில் குடித்துக் குமுறும் ராஜுவுக்கு ரஃபிதான் குரல். பர்மனின் குரலோ ராஜுவுடையது அல்ல. வழியில் எதிர்ப்பட்ட முதியவர் ஒருவர் அவனை நிறுத்தி விசாரிப்பதுபோல் இருக்கிறது. அந்தக் கரகரப்பும் மூக்கொலியும் கிழக்கு வங்காளத்தின் ஆறுகளிலிருந்து வந்தவை. திரிபுரா அரச குடும்பத்தைச் சேர்ந்த பர்மன் கோமில்லாவில் பிறந்து, படகோட்டிகளின் பாட்டியாலி பாட்டைக் கேட்டு வளர்ந்தார். 'சுஜாதா', 'பந்தினி' படங்களில் அவர் பாடியபோது கேட்டதும் இதே ஆற்றங்கரைக் குரல்தான். மெருகேறிய குரலுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை கிடையாது என்றே சொல்வேன்.

நாயகி ரோஸிக்கு (வஹீதா ரஹ்மான்) லதா மங்கேஷ்கர் மட்டுமே. 1950களின் பிற்பகுதியில் பர்மனுக்கும் லதாவுக்கும் மனத்தாங்கல். சில ஆண்டுகள் அவர் இசையில் லதா பாடவே இல்லை. அந்தப் பிணக்கு தீர்ந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பதறுகிறது. 'ஆஜ் ஃபிர் ஜீனே கி தமன்னா ஹை' பல்லவிக்குக் காத்திராமல் சரணத்திலிருந்தே பாய்ந்து தொடங்குகிறது. கட்டறுத்துக்கொண்டு ஓடுபவளுக்கு முறையான தொடக்கம் எதற்கு? செங்கல்பட்டில் பிறந்து பரதம் பயின்ற வஹீதா ரஹ்மானின் கால்களும் லதாவின் குரலும் ஒரே உடம்பிலிருந்து வருவதாகவே எனக்குத் தோன்றும்.

கிஷோருக்கு லதாவோடு ஒரே ஒரு பாட்டு. ராஜுவும் ரோஸியும் மகிழ்ச்சியாக இருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு. பிறகு உறவு கசக்கிறது. மேடையில் ரோஸி 'மோஸே சல் கியே ஜாயே' என்று வஞ்சித்துவிட்டான் என்கிறாள். உடனே 'க்யா சே க்யா ஹோ கயா'வில் ராஜு அதே குற்றச்சாட்டை அவள் மேல் திருப்புகிறான். லதாவும் ரஃபியும் சேர்ந்து பாடாமல், அடுத்தடுத்துப் பாடிப் பிரிவதிலேயே அந்த உறவின் முறிவு முழுவதும் இருக்கிறது.

இவ்வளவுக்கும் 1967 ஃபிலிம்பேர் விருதில் படம், இயக்கம், நடிகர், நடிகை எல்லாம் 'கைடு'க்குக் கிடைத்தன. இசைக்கான விருதோ 'சூரஜ்' படத்துக்குப் போனது. அதற்கு இசையமைத்த சங்கர் ஜெய்கிஷன் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த முடிவை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

நண்பரிடம் சொல்ல விட்டுப்போனது ஒன்று உண்டு. படத்தின் பிற்பகுதியில் ராஜுவைச் சாமியார் என்று நம்பிய கிராமம் வறட்சியில் வாடுகிறது. 'அல்லா மேக் தே, பானி தே' என்று மழை கேட்டு ஒரு பாட்டு எழுகிறது. பாடுவது மறுபடியும் பர்மன். முதலில் எங்கே போகிறாய் என்று வழிமறித்த அதே குரல், ராஜு வந்து சேர்ந்த இடத்தில் அவனோடு நின்று வானத்திடம் தண்ணீர் கேட்கிறது.